பக்கவாதம்: முதல் மணி நேரத்திலிருந்து மாற்றுத்திறனாளி அட்டை வரை குடும்பத்தினருக்கான வழிகாட்டி

வீட்டில் ஒருவருக்குப் பக்கவாதம் வந்துவிட்டால், அடுத்த சில மணி நேரத்தில் மருத்துவர்கள் கேட்கும் கேள்விகளுக்கும், அடுத்த சில மாதங்களில் அலுவலகங்கள் கேட்கும் காகிதங்களுக்கும் பதில் சொல்ல வேண்டியவர் நோயாளி அல்லர், நீங்கள்தான். என் தாயாருக்கு இது நேர்ந்தபோது இவற்றை முறையாகச் சொல்லித்தர யாரும் இல்லாததால், வார்டு செவிலியர்களிடமும் ஆட்சியர் அலுவலக வாசலில் மனு எழுதித் தருபவர்களிடமும் கேட்டுக் கேட்டே தெரிந்துகொண்டேன். அந்த அலைச்சல் உங்களுக்கு வேண்டாம் என்பதற்காகவே இதை எழுதுகிறேன். நான் மருத்துவர் அல்லன். சிகிச்சை குறித்த முடிவுகள் மருத்துவருடையவை. தமிழ்நாட்டில் வசிப்பவர்களை மனத்தில் வைத்து எழுதியிருப்பதால், பிற மாநிலங்களில் திட்டங்களின் பெயர்களும் தொகைகளும் மாறும்.

மூளையின் எந்தப் பகுதி, எந்தப் பக்கம் பாதிக்கப்பட்டிருக்கிறது என்பதைக் குடும்பத்தில் ஒருவராவது தெளிவாகத் தெரிந்துகொள்ள வேண்டும். நோயாளிக்கு எந்தப் பக்கம் நின்று உணவு ஊட்டுவது என்பதிலிருந்து, சான்றிதழுக்கு எந்தெந்த மருத்துவர்களைப் பார்க்க வேண்டும் என்பது வரை எல்லாமே அதைப் பொறுத்தே அமைகின்றன.

1. அறிகுறியை அடையாளம் காணுதல்

மூளை ஏறத்தாழ 1.4 கிலோ எடையுள்ளது. உடல் எடையில் அது நூற்றில் இரண்டு பங்குதான் என்றாலும், உடல் பயன்படுத்தும் ஆக்சிஜனில் ஐந்தில் ஒரு பங்கை அதுவே எடுத்துக்கொள்கிறது. அதைச் சேமித்து வைத்துக்கொள்ளும் வசதியும் அதற்கு இல்லை. அதனால், மூளைக்குச் செல்லும் ரத்தக்குழாய் ஒன்று அடைபட்டதும் சில நிமிடங்களிலேயே நரம்பணுக்கள் சாகத் தொடங்குகின்றன. பெரிய குழாய் ஒன்று அடைபட்டால் நிமிடத்துக்குச் சராசரியாக 19 லட்சம் நரம்பணுக்கள் அழிவதாகக் கணக்கிட்டிருக்கிறார்கள்.

அறிகுறிகள் திடீரென வரும் என்பதே இதன் முதல் அடையாளம். சிரிக்கச் சொன்னால் வாய் ஒரு பக்கம் கோணும். இரு கைகளையும் தூக்கிப் பிடிக்கச் சொன்னால் ஒரு கை தானாக இறங்கும். பேச்சு குழறும், அல்லது தெளிவாகப் பேசினாலும் சொற்கள் பொருளற்று வரும். இவை மூன்றும் பலருக்குத் தெரியும். திடீரென நிற்க முடியாமல் ஒரு பக்கமாகச் சாய்வது, பார்வையில் பாதி மறைவது, பொருள்கள் இரண்டாகத் தெரிவது, இதுவரை வந்திராத கடுமையான தலைவலியுடன் வாந்தி வருவது ஆகியவையும் இதே பட்டியலில் சேர்ந்தவை. மூளையின் பின்பகுதியிலோ சிறுமூளையிலோ பாதிப்பு வரும்போது கை, கால் விழாமலே இவை மட்டும் தோன்றலாம்.

அடைப்பினால் வரும் பக்கவாதத்தில் பெரும்பாலும் வலி இருப்பதில்லை. நெஞ்சு வலித்தால் ஓடுகிற அதே குடும்பம், கை மரத்துப்போனால் 'கொஞ்சம் படுத்து எழுந்தால் சரியாகிவிடும்' என்று காத்திருப்பது இதனால்தான். அறிகுறிகள் பத்து நிமிடத்தில் முழுவதும் மறைந்துவிட்டாலும் மருத்துவமனைக்குச் செல்லுங்கள். அது தற்காலிக அடைப்பாக இருக்கலாம். அதைத் தொடர்ந்து பெரிய பக்கவாதம் வரும் ஆபத்து அடுத்த இரண்டு நாட்களில்தான் மிக அதிகம்.

முகத்துக்குச் செல்லும் நரம்பு மட்டும் பாதிக்கப்பட்டு வாய் கோணுவதும் உண்டு. அதில் நெற்றியும் சேர்ந்து செயலிழப்பதால் புருவத்தைத் தூக்க முடியாது. பக்கவாதத்திலோ, நெற்றித் தசைகளுக்கு மூளையின் இரு பக்கங்களிலிருந்தும் கட்டளை செல்வதால் பெரும்பாலும் நெற்றி சுருங்கும். இதைத் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் இதை வைத்து வீட்டிலேயே தீர்ப்புச் சொல்லிக்கொண்டிருக்க வேண்டாம்.

இந்த நேரத்தில் செய்யக் கூடாதவை சில உண்டு. தண்ணீரோ சோடாவோ மாத்திரையோ வாயில் கொடுக்காதீர்கள். விழுங்கும் தசைகள் செயலிழந்திருந்தால் அது நுரையீரலுக்குள் போய்விடும். வீட்டில் இருக்கும் ரத்த அழுத்த மாத்திரையைக் கூடுதலாகக் கொடுப்பதும், மாரடைப்புக்குச் சொல்வதைப் போல ஆஸ்பிரின் கொடுப்பதும் தவறு. மூளையில் ரத்தக்கசிவு ஏற்பட்டிருந்தால் ஆஸ்பிரின் அதை மோசமாக்கும். விரல் நுனிகளில் ஊசியால் குத்தி ரத்தம் வரவழைத்தால் பக்கவாதம் நின்றுவிடும் என்று வாட்ஸ்அப்பில் ஆண்டுக்கணக்காகச் சுற்றும் செய்தி பொய். புறா ரத்தம் தடவுவது, காதில் சாறு விடுவது போன்றவற்றுக்கு அழைத்துச் செல்லப் பரிந்துரைக்கும் உறவினர் எல்லாக் குடும்பத்திலும் ஒருவர் இருப்பார். அவரிடம் விவாதிக்காமல் அவரை வீட்டில் விட்டுவிட்டு நீங்கள் கிளம்புங்கள்.

2. கிளம்பும்போது கையில் இருக்க வேண்டியவை

108-ஐ அழைத்ததும் 'மயக்கம்' என்று பொதுவாகச் சொல்லாமல், 'பக்கவாத அறிகுறி. இருபத்து நான்கு மணி நேரமும் சி.டி. ஸ்கேன் எடுக்கும் மருத்துவமனைக்குப் போக வேண்டும்' என்று தெளிவாகச் சொல்லுங்கள். ஆம்புலன்ஸ் இலவசம். அது வருவதற்குள் நான்கு செய்திகளை ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள்.

முதலாவது, நேரம். மருத்துவர் கேட்பது நீங்கள் அறிகுறியைப் பார்த்த நேரத்தை மட்டும் அன்று. நோயாளி கடைசியாக நன்றாக இருந்ததாக உறுதியாகத் தெரிந்த நேரத்தை. காலை ஆறு மணிக்குப் படுக்கையிலிருந்து எழும்போதே கை விழுந்திருந்தால், கணக்கு ஆறு மணியிலிருந்து தொடங்காது. இரவு பத்து மணிக்குப் பேசிவிட்டுப் படுத்தார் என்றால் பத்து மணியிலிருந்தே தொடங்கும். இடையில் இரண்டு மணிக்குக் கழிப்பறைக்கு நடந்து சென்றதை யாராவது பார்த்திருந்தால் கணக்கு இரண்டு மணிக்கு நகரும். அந்த நான்கு மணி நேர வேறுபாடு சிகிச்சையையே மாற்றிவிடலாம். ஆகவே வீட்டில் உள்ள அனைவரையும், தேவைப்பட்டால் பக்கத்து வீட்டாரையும் கேட்டு உறுதிசெய்யுங்கள்.

இரண்டாவது, எடை. ரத்தக்கட்டியைக் கரைக்கும் மருந்தின் அளவு உடல் எடையைக் கொண்டே கணக்கிடப்படுகிறது. மூன்றாவது, சாப்பிட்டுவரும் மாத்திரைகள். சீட்டைத் தேடிக்கொண்டிருக்காமல் மாத்திரை அட்டைகளை அப்படியே ஒரு பையில் போட்டு எடுத்துச் செல்லுங்கள். குறிப்பாக, இதய நோய்க்காக ரத்தம் உறையாமலிருக்க மருந்து எடுப்பவராக இருந்தால் கடைசி வேளை மருந்தை எப்போது சாப்பிட்டார் என்பதைச் சொல்லியாக வேண்டும். நான்காவது, அண்மைக் காலத்தில் நடந்த அறுவைச் சிகிச்சை, தலையில் அடி, குடலில் ரத்தக்கசிவு ஏதாவது இருந்தால் அதன் தேதி.

ஆவணங்களில் ஆதார் அட்டை, குடும்ப அட்டை, முதலமைச்சர் காப்பீட்டு அட்டை அல்லது தனியார் காப்பீட்டு எண் ஆகியவை போதும். இவற்றைத் தேடுவதற்காக ஆம்புலன்ஸை நிறுத்தி வைக்க வேண்டாம். பின்னால் ஒருவர் எடுத்து வரலாம். நடந்தவற்றைத் தெளிவாகச் சொல்லத் தெரிந்தவரும் சம்மதப் படிவத்தில் கையெழுத்திடக்கூடிய நெருங்கிய உறவினரும்தான் நோயாளியுடன் வண்டியில் ஏற வேண்டும்.

3. எந்த மருத்துவமனை, எத்தனை மணிக்குள்

பக்கவாதங்களில் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்கு அடைப்பினால் வருபவை. மீதி, குழாய் வெடித்து ரத்தம் கசிவதால் வருபவை. இரண்டுக்கும் சிகிச்சை நேர் எதிரானது என்பதால், ஸ்கேன் எடுக்காமல் எந்த மருத்துவராலும் சிகிச்சையைத் தொடங்க முடியாது. தெருமுனையில் உள்ள சிறிய நர்சிங் ஹோமில் சேர்த்து, 'ஒரு பாட்டில் குளுக்கோஸ் போட்டுப் பார்ப்போம்' என்று இரண்டு மணி நேரம் கழிவதுதான் நான் பார்த்தவற்றிலேயே மிகப் பொதுவான இழப்பு. சி.டி. ஸ்கேனும் நரம்பியல் மருத்துவரும் உள்ள இடத்துக்கே நேராகச் செல்லுங்கள். பெரும்பாலான மாவட்டங்களில் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருப்பதால், பணம் இல்லை என்ற காரணத்துக்காகச் சிறிய இடத்தைத் தேட வேண்டியதில்லை.

அடைப்பு என்று தெரிந்தால், கட்டியைக் கரைக்கும் ஊசியை அறிகுறி தொடங்கியதிலிருந்து நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும். ஆல்டிபிளேஸ் என்றால் கிலோவுக்கு 0.9 மில்லிகிராம் வீதம், அதிகபட்சம் 90 மில்லிகிராம் வரை, ஒரு மணி நேரத்தில் செலுத்துவார்கள். டெனெக்டிபிளேஸ் என்ற மருந்தை ஒரே தடவையில் ஊசியாகப் போட்டுவிடுவார்கள். நாலரை மணி நேரம் என்பது கடைசி எல்லைதான். மருந்து எவ்வளவு முன்னதாகப் போகிறதோ அவ்வளவு பயன். ரத்த அழுத்தம் 185/110-க்கு மேல் இருந்தால் அதைக் குறைத்த பிறகே போடுவார்கள். ரத்தச் சர்க்கரை குறைந்தாலும் பக்கவாதம் போலவே தோன்றும் என்பதால் அதையும் முதலில் சோதிப்பார்கள். இவற்றைத் தாமதம் என்று எண்ணிச் சண்டை போடாதீர்கள்.

ஊசிக்கு முன்னர் உங்களிடம் சம்மதக் கையெழுத்து கேட்பார்கள். நூறு பேரில் ஏறத்தாழ ஆறு பேருக்கு இந்த மருந்தினால் மூளையில் ரத்தக்கசிவு ஏற்பட்டு நிலைமை மோசமாகலாம் என்று சொல்வார்கள், அது உண்மை. மருந்து போடாவிட்டால் நிரந்தர முடக்கத்துக்கான வாய்ப்பு கூடுதல் என்பதும் உண்மை. ஊரில் உள்ள மாமாவைத் தொலைபேசியில் பிடித்து ஆலோசனை கேட்க அப்போது நேரம் இருக்காது என்பதால், முடிவெடுப்பவர் யார் என்பதை ஆம்புலன்ஸிலேயே பேசி வைத்துக்கொள்ளுங்கள்.

பெரிய குழாய் அடைபட்டிருந்தால், தொடை அல்லது மணிக்கட்டுத் தமனி வழியாகக் கம்பிக் குழாயைச் செலுத்திக் கட்டியை வெளியே இழுக்கும் சிகிச்சை உண்டு. பொதுவாக ஆறு மணி நேரத்துக்குள் செய்வார்கள். ஸ்கேனில் காப்பாற்றக்கூடிய பகுதி மிச்சம் இருப்பது தெரிந்தால் சிலருக்கு 24 மணி நேரம் வரையிலும் செய்யலாம். இதற்கான வசதி எல்லா இடங்களிலும் இல்லை. தனியாரில் சில லட்சங்கள் ஆகும். 'பெரிய குழாய் அடைப்பா? கட்டியை இழுத்தெடுக்கும் சிகிச்சைக்கு வாய்ப்பு உண்டா? இங்கே இல்லையென்றால் எங்கே?' என்ற மூன்று கேள்விகளையும் நீங்களே கேட்டுவிடுங்கள்.

முதல் சி.டி. ஸ்கேனில் 'ஒன்றுமில்லை' என்று வந்தால் நிம்மதியடைந்து வீட்டுக்குக் கிளம்பாதீர்கள். ரத்தக்கசிவு சி.டி.யில் உடனே வெள்ளையாகத் தெரியும். அடைப்போ முதல் சில மணி நேரங்களில் சி.டி.யில் தெரியாமலே இருக்கலாம். கசிவு இல்லை என்று உறுதி செய்வதற்காகவே முதலில் சி.டி. எடுக்கிறார்கள். அடைப்பை மிக விரைவில் காட்டுவது எம்.ஆர்.ஐ. அந்தக் கருவிக்குள் நோயாளியை அனுப்பும் முன் நகைகள், காதுக் கருவி, கழற்றும் பல் செட் எல்லாவற்றையும் கழற்றிவிட்டு, இதயத்தில் பேஸ்மேக்கர் அல்லது உடலில் உலோகத் துண்டு இருந்தால் கட்டாயம் சொல்லுங்கள். தாலியைக் கழற்ற மறுத்து வாசலில் வாக்குவாதம் நடப்பதைப் பல தடவை பார்த்திருக்கிறேன். ஒரு மஞ்சள் கயிற்றை முன்கூட்டியே வாங்கிக் கட்டிவிட்டால் அந்தச் சிக்கல் தீர்ந்துவிடும்.

4. ஸ்கேன் அறிக்கையை வாசிக்க, மூளையின் வரைபடம்

அறிக்கை கைக்கு வந்ததும் அதில் மூன்று செய்திகளைத் தேடுங்கள்: அடைப்பா கசிவா, இடமா வலமா, எந்தப் பகுதி. 'இன்ஃபார்க்ட்' என்றிருந்தால் ரத்தம் கிடைக்காமல் திசு இறந்த பகுதி. 'ஹெமரேஜ்' என்றிருந்தால் ரத்தக்கசிவு. 'லாக்குனார்' என்பது நுண்ணிய குழாய் அடைபட்டதால் உண்டான சிறு குழி. 'ஓல்டு' அல்லது 'குரோனிக்' என்ற சொல் உடன் வந்தால் அது முன்பே, யாரும் கவனிக்காமல் நேர்ந்தது.

மூளையில் பெருமூளை, சிறுமூளை, மூளைத்தண்டு என்று மூன்று பெரும் பகுதிகள் உண்டு. பெருமூளை இடம், வலம் என இரு பாதிகளாகப் பிரிந்திருக்கிறது. அசைவுக் கட்டளையைக் கொண்டுசெல்லும் நரம்பு இழைகளில் பெரும்பாலானவை மூளைத்தண்டின் அடியில் உள்ள முகுளத்தில் பக்கம் மாறித் தண்டுவடத்துக்குள் இறங்குவதால், இடப்பக்க மூளை பாதிக்கப்பட்டால் வலக் கை, வலக் கால் விழும். சிறுமூளைக்கு இந்த விதி பொருந்தாது. அது தன் பக்கத்துக் கை, கால்களின் ஒத்திசைவையே கவனிக்கிறது. அதனால் சிறுமூளையில் பக்கவாதம் வந்தவருக்கு வலு குறையாமல், தடுமாற்றமும் தலைசுற்றலும் மட்டும் இருக்கலாம்.

ஒவ்வொரு பாதியிலும் நான்கு மடல்கள் உண்டு. நெற்றிக்குப் பின்னுள்ள முன்மடல் அசைவையும் திட்டமிடுதலையும் அடக்கத்தையும் பார்த்துக்கொள்கிறது. இங்கே பாதிப்பு வந்தால் அமைதியானவர் திடீரென எரிந்து விழலாம், அல்லது எதிலும் விருப்பமின்றி உட்கார்ந்திருக்கலாம். அதைப் பிடிவாதம் என்று எண்ணி அவரிடம் கோபப்படும் குடும்பங்கள்தான் அதிகம். உச்சி மடல் தொடுவுணர்ச்சியையும் உடல் எங்கே இருக்கிறது என்ற உணர்வையும், காதருகே உள்ள பக்க மடல் கேட்டலையும் நினைவையும், பின்மடல் பார்வையையும் கவனிக்கின்றன.

வலக்கைப் பழக்கம் உள்ளவர்களில் மிகப் பெரும்பாலோருக்கு மொழி இடப் பாதியில் இருக்கிறது. இட முன்மடலின் கீழ்ப்பகுதி பாதிக்கப்பட்டால், நீங்கள் சொல்வது அவருக்குப் பெருமளவு புரியும், ஆனால் சொல் வெளியே வராது; இடப் பக்கமடலின் பின்பகுதி பாதிக்கப்பட்டால் சரளமாகப் பேசுவார், ஆனால் பேச்சில் பொருள் இருக்காது, நீங்கள் சொல்வதும் புரியாது. முதல் வகையினரின் படுக்கையருகே நின்றுகொண்டு, அவருக்குக் கேட்காது என்ற நினைப்பில் செலவையும் சொத்தையும் பேசாதீர்கள். அறிக்கையில் 'அஃபேசியா' என்றிருந்தால் மொழிக் குறைபாடு. 'டிஸ்ஆர்த்ரியா' என்றிருந்தால் மொழி சரியாக உள்ளது, வாய்த் தசைகள் மட்டும் ஒத்துழைக்கவில்லை. பயிற்சியும் சான்றிதழும் இவ்விரண்டுக்கும் வேறு வேறு.

வலப் பாதி பாதிக்கப்பட்டவர்களுக்கு வரும் சிக்கல் பார்ப்பவருக்கு விசித்திரமாகத் தோன்றும். அவர்களில் சிலருக்கு இடப்பக்க உலகமே இல்லாமல் போய்விடும். இலையில் வலப் பாதிச் சோற்றை மட்டும் சாப்பிட்டுவிட்டு, இடப் பக்கம் கூட்டும் பொரியலும் அப்படியே இருக்க, 'எனக்கு ஏன் கூட்டு வைக்கவில்லை' என்று கேட்பார்கள். தங்கள் இடக் கையையே வேறொருவருடையது என்பார்கள். இது கண் பார்வைக் குறை அன்று, கவனத்தின் குறை. தொடக்கத்தில் வலப் பக்கம் நின்று பேசுங்கள். பின்னர், பயிற்சியாளர் சொன்னபடி சிறிது சிறிதாக இடப் பக்கத்துக்கு நகருங்கள்.

'எம்.சி.ஏ.' என்று அறிக்கையில் இருந்தால், அது நடுப் பெருமூளைத் தமனி. மிக அதிகமாக அடைபடுவது இதுதான். இதில் காலை விட முகமும் கையும் கூடுதலாகப் பாதிக்கப்படும். 'ஏ.சி.ஏ.' (முன் பெருமூளைத் தமனி) என்றால் கால் கூடுதலாகவும், 'பி.சி.ஏ.' (பின் பெருமூளைத் தமனி) என்றால் பார்வையும் பாதிக்கப்படும். 'இன்டர்னல் கேப்சூல்' என்ற பெயரைப் பார்த்தால், புள்ளி சிறியதாக இருந்தும் ஒரு பக்கம் முழுவதும் ஏன் விழுந்தது என்பதற்கு அதுவே விடை. எட்டு வழிச் சாலை ஒற்றைப் பாலத்தில் ஒடுங்குவது போல, மேற்பரப்பில் விரிந்து கிடக்கும் அசைவு இழைகள் அனைத்தும் அந்தக் குறுகிய இடத்தில் நெருக்கியடித்துக்கொண்டு இறங்குகின்றன. 'பான்ஸ்' அல்லது 'மெடுல்லா' என்றிருந்தால் பாதிப்பு மூளைத்தண்டில். மூச்சு, இதயத் துடிப்பு, விழுங்குதல், விழிப்புநிலை ஆகியவை அங்கிருந்தே நடப்பதால் தீவிர சிகிச்சைப் பிரிவில் கூடுதல் நாட்கள் வைத்திருப்பார்கள்.

5. முதல் வாரம்

பெரிய அடைப்பாக இருந்தால் மூளை வீங்கும். இரண்டாம் நாளிலிருந்து ஐந்தாம் நாள் வரை வீக்கம் உச்சத்தில் இருக்கும் என்பதால், முதல் நாள் பேசிக்கொண்டிருந்தவர் மூன்றாம் நாள் மயங்கிக் கிடப்பதும் உண்டு. தூக்கம் கூடிக்கொண்டே போனாலோ வாந்தி எடுத்தாலோ உடனே செவிலியரை அழையுங்கள். மண்டையோட்டின் ஒரு பகுதியைத் தற்காலிகமாக எடுத்து வீக்கத்துக்கு இடம் கொடுக்கும் அறுவைச் சிகிச்சை தேவைப்படலாம்; அதற்கும் நேர எல்லை உண்டு.

விழுங்கும் திறனைச் சோதித்த பிறகே வாய் வழி உணவு தர வேண்டும். அதுவரை மூக்கு வழியே குழாய் இருக்கும். படுத்த நிலையில் குழாயில் உணவு செலுத்தாதீர்கள். தலைப்பக்கத்தை நன்றாக உயர்த்தி, உணவு கொடுத்த பின்னரும் அரை மணி நேரம் அப்படியே வையுங்கள். இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை புரட்டிப் படுக்க வைப்பதற்கு ஆள் முறை வைத்துக்கொள்ளுங்கள். செயலிழந்த கையைப் பிடித்து இழுத்துத் தூக்குவதுதான் எல்லோரும் செய்யும் தவறு. தசைப் பிடிப்பு இல்லாத தோள்மூட்டு அதில் நழுவிவிடும், பிறகு அந்த வலியே பயிற்சிக்குத் தடையாகும்.

6. செலவும் காப்பீடும்

தமிழ்நாட்டு அரசு மருத்துவமனைகளில் சி.டி.க்குச் சில நூறு ரூபாயும் எம்.ஆர்.ஐ.க்கு ஏறத்தாழ 2,500 ரூபாயும் கட்டணம், தனியாரில் எம்.ஆர்.ஐ. மட்டும் இதைப் போல இரண்டு, மூன்று மடங்கு ஆகும். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை பாதுகாப்பு உண்டு. குடும்பத்தின் ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும். அட்டை இல்லாதவர்கள் கிராம நிர்வாக அலுவலர் வழியாக வருமானச் சான்று பெற்று, குடும்ப அட்டை, ஆதார் ஆகியவற்றுடன் ஆட்சியர் அலுவலகத்தில் உள்ள காப்பீட்டுத் திட்ட மையத்தில் பதிவு செய்ய வேண்டும். எல்லாத் தனியார் மருத்துவமனைகளும் திட்டத்தில் இல்லை. திட்டத்தில் உள்ள மருத்துவமனையிலும் எல்லாச் சிகிச்சைகளும் அடங்குவதில்லை. சேர்க்கும் நாளிலேயே அங்குள்ள காப்பீட்டு உதவி மேசையில் கேட்டு, ஒப்புதல் வந்ததா என்பதை நாள்தோறும் விசாரியுங்கள்.

தனியார் காப்பீடு இருந்தால், அவசரச் சேர்க்கையைப் பொதுவாக 24 மணி நேரத்துக்குள் நிறுவனத்துக்குத் தெரிவிக்க வேண்டும். ஏற்கெனவே ரத்த அழுத்தம் இருந்ததை மறைத்துப் பாலிசி எடுத்திருந்தால் சிக்கல் அப்போதுதான் தலைதூக்கும். 'எத்தனை ஆண்டுகளாக ரத்த அழுத்தம்' என்ற கேள்விக்கு ஆளுக்கொரு பதில் சொல்லி, அது அறிக்கையில் ஏறி, பணம் மறுக்கப்படுவதைக் கண்டிருக்கிறேன். ஒருவரே பேசுங்கள், உண்மையைப் பேசுங்கள்.

7. வீட்டுக்கு அனுப்பும் நாள்

டிஸ்சார்ஜ் சுருக்கத்தை வாங்கியதும் பைக்குள் வைக்காமல் அங்கேயே நின்று வாசியுங்கள். பெயரும் வயதும் ஆதாரில் உள்ளபடி இருக்கின்றனவா, பக்கவாதம் வந்த தேதி உள்ளதா, இடம், வலம் சரியாக உள்ளதா, பேச்சுக் குறைபாடு பதிவாகியிருக்கிறதா என்று பாருங்கள். இடத்துக்கு வலம் என்று தட்டச்சாகிவிட்டால், ஆறு மாதம் கழித்துச் சான்றிதழுக்கு நிற்கும்போது அந்த ஒரு சொல்லுக்காக மீண்டும் அலைய நேரும். ஸ்கேன் படங்களுடன் அவற்றின் குறுந்தகட்டையும் கேட்டு வாங்குங்கள். எல்லாவற்றையும் கைப்பேசியில் படமெடுத்து வைப்பதுடன், நான்கு நகல் செட்டும் தயாராக இருக்கட்டும்.

எழுதித் தந்த மாத்திரைகளை, 'இப்போது நன்றாகத்தானே இருக்கிறார்' என்று நிறுத்திவிடாதீர்கள். இரண்டாவது பக்கவாதம் வரும் வழிகளில் இது முக்கியமானது.

8. வீட்டில் பயிற்சி

இறந்த நரம்பணுக்கள் திரும்புவதில்லை. ஆனால், உயிரோடு இருக்கும் அண்டைப் பகுதிகள் புதிய இணைப்புகளை உண்டாக்கி இழந்த வேலைகளில் சிலவற்றை ஏற்றுக்கொள்கின்றன. அதற்கு இடைவிடாமல் செய்யும் பயிற்சியே தூண்டுகோல். முதல் மூன்று மாதங்களில் முன்னேற்றம் வேகமாக இருக்கும், ஆறு மாதங்களுக்குப் பிறகு வேகம் குறையும், நின்றுவிடாது. 'நரம்புக்குச் சத்து' என்று விற்கப்படும் விலையுயர்ந்த ஊசிகளுக்கும் தைலங்களுக்கும் போகும் பணத்தை இந்த மூன்று மாதங்களில் பிசியோதெரபிக்குச் செலவிடுவது மேல்.

2021 ஆகஸ்டில் தொடங்கப்பட்ட மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில், தேவைப்படுவோருக்கு வீட்டுக்கே வந்து இலவசமாக இயன்முறைப் பயிற்சி அளிக்கிறார்கள். ரத்த அழுத்தம், நீரிழிவு மாத்திரைகளையும் கொண்டுவந்து தருகிறார்கள். உங்கள் பகுதி ஆரம்ப சுகாதார நிலையத்திலோ கிராம சுகாதாரச் செவிலியரிடமோ பெயரைப் பதிந்தால் போதும். வருகைகளுக்கு இடைப்பட்ட நாட்களில் செய்ய வேண்டியதைக் கற்றுக்கொண்டு நீங்களே செய்விக்க வேண்டும். பேச்சுப் பயிற்சியாளர்கள் மாவட்டத் தலைநகரங்களுக்கு வெளியே அரிது. அஃபேசியா உள்ளவர்கள் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் முன்பதிவு செய்துகொள்ளுங்கள்.

பக்கவாதம் வந்தவர்களில் ஏறத்தாழ மூவரில் ஒருவருக்கு மனச்சோர்வு வருகிறது. அது மூளைக் காயத்தின் ஒரு பகுதியும்கூட, மருந்துக்குக் கட்டுப்படும். 14416 என்ற டெலி மானஸ் மனநல உதவி எண்ணில் தமிழில் பேசலாம், கட்டணமில்லை. இரவு விழித்துப் பார்த்துக்கொள்பவருக்கும் அந்த எண் பொருந்தும்.

9. வங்கியும் வருமான வரியும்

வலக் கை விழுந்தவரால் பழைய கையெழுத்தைப் போட முடியாது. பணமெடுக்க வங்கி மறுக்கும். மகன் கையெழுத்தைப் பார்த்துப் போட்டுவிடுவது குற்றம், தேவையும் இல்லை. ரிசர்வ் வங்கி விதிப்படி, கைநாட்டு, அதுவும் முடியாவிட்டால் கால் விரல் ரேகை, இரு சாட்சிகளின் முன்னிலையில் ஏற்கப்படும். சாட்சிகளில் ஒருவர் வங்கியின் பொறுப்புள்ள அலுவலராக இருக்க வேண்டும். மருத்துவச் சான்றுடன் மேலாளருக்கு எழுத்தில் விண்ணப்பியுங்கள். கவுண்டரில் வாய்மொழியாகக் கேட்டால் 'முடியாது' என்ற பதிலே வரும்.

பழைய வரிமுறையைத் தேர்ந்தெடுத்தவர்கள், தங்களைச் சார்ந்த மாற்றுத்திறனாளிக்காக வருமானத்தில் 75,000 ரூபாயும், பாதிப்பு 80 விழுக்காடு அல்லது அதற்கு மேல் என்றால் 1,25,000 ரூபாயும் கழித்துக்கொள்ளலாம். அதற்கும் அடுத்துச் சொல்லும் சான்றிதழ் தேவை.

10. மாற்றுத்திறனாளி சான்றும் அட்டையும்

அவசரப்பட்டு மூன்றாம் மாதத்திலேயே செல்ல வேண்டாம். நரம்பு மண்டலப் பாதிப்புகளைப் பொதுவாக ஆறு மாதங்கள் கழிந்த பிறகே மதிப்பிடுகிறார்கள். முன்னதாகச் சென்றால் திருப்பி அனுப்புவார்கள், அல்லது குறுகிய காலத்துக்கு மட்டும் செல்லும் சான்று தருவார்கள். விண்ணப்பத்தை ஒன்றிய அரசின் ஸ்வாவ்லம்பன் இணையதளத்தில் நீங்களே பதியலாம்; இ-சேவை மையத்தில் கொடுத்தும் பதியலாம். ஆதார், புகைப்படம், முகவரிச் சான்று, மருத்துவ ஆவணங்கள் போதும். மதிப்பீட்டு முகாம் எந்த நாளில், எங்கே என்பதை மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். நோயாளி நேரில் வந்தாக வேண்டும் என்பதால் சக்கர நாற்காலிக்கும் வண்டிக்கும் ஏற்பாடு செய்யுங்கள். சான்றுக்கு எந்தக் கட்டணமும் இல்லை. வாசலில் 'சீக்கிரம் முடித்துத் தருகிறேன்' என்பவரிடம் பணம் கொடுக்க வேண்டாம்.

ஸ்கேன் அறிக்கையின் வரைபடம் இங்கே மீண்டும் உதவும். மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016, இருபத்தொரு வகைக் குறைபாடுகளைக் குறிப்பிடுகிறது. பக்கவாதம் என்றதும் கை, கால் மருத்துவர் மட்டும் பார்த்துவிட்டு விழுக்காடு போட்டு அனுப்பிவிடுவது வழக்கம். ஆனால் அஃபேசியாவால் வரும் பேச்சு, மொழிக் குறைபாடும் அதே சட்டத்தில் தனி வகையாக உள்ளது. இடப்பக்க மூளையில் பாதிப்பு உள்ளவருக்கு இரண்டையும் மதிப்பிடச் சொல்லி எழுத்தில் கேளுங்கள். பின்மடல் பாதிப்பு இருந்தால் கண் மருத்துவரின் மதிப்பீட்டையும் கேளுங்கள். அவற்றைச் சேர்த்துக் கணக்கிடும்போது கிடைக்கும் விழுக்காடு வேறாக இருக்கும்.

40 விழுக்காடு என்பது பெரும்பாலான சலுகைகளுக்கான அடிப்படை எல்லை. தமிழ்நாட்டில் 75 விழுக்காடு அல்லது அதற்கு மேல் கடுமையாகப் பாதிக்கப்பட்டவர்களுக்கு மாதம் 2,000 ரூபாய் பராமரிப்பு உதவித்தொகை உண்டு. அட்டை கிடைத்ததும் அது தானாக வந்துவிடாது, மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் தனியாக விண்ணப்பிக்க வேண்டும். விண்ணப்பம் கொடுத்ததற்கான ஒப்புகைச் சீட்டில் தேதியும் முத்திரையும் இருக்கின்றனவா என்று பார்த்து வாங்குங்கள். சான்றில் 'தற்காலிகம்' என்று குறிப்பிட்டிருந்தால் அது காலாவதியாகும் தேதியைக் கைப்பேசி நாட்காட்டியில் ஏற்றி, அதற்கு இரண்டு மாதங்கள் முன்பே மறுமதிப்பீட்டுக்கு விண்ணப்பித்துவிடுங்கள்.